பெரிய மெயில் சர்வருக்கு எந்த வெப் பேனல்?

18,000 மெயில் ஐடி, 34 டொமைன், பார்த்துக்கொள்ள மூன்று பேர். கோவைப் பக்கம் ஒரு கல்விக் குழுமத்தின் மெயில் சர்வர் இது, அடியில் மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், அதைப் பெட்டியில் வைத்துப் படிக்கக் கொடுக்கும் டவ்காட்டும் ஓடுகின்றன. இதை நிர்வகிக்க எந்த வெப் பேனலை, அதாவது பிரவுசர் வழியாக ஐடி போடவும் நீக்கவும் உதவும் மென்பொருளை, போடுவது என்ற கேள்வி ஏழு வருடத்தில் இரண்டு முறை எங்கள் முன்னால் வந்தது. முதல் முறை தப்பாகத் தேர்ந்தெடுத்தோம். அந்தப் பேனலின் பெயர் இங்கே வேண்டாம். பார்க்க அழகாக இருந்தது, டெமோவில் பத்து ஐடி போட்டுக் காட்டினார்கள், நன்றாகத்தான் ஓடியது. ஜூலை அட்மிஷன் சமயத்தில் 4,000 மாணவர்களுக்கு ஒரே வாரத்தில் ஐடி போட வேண்டி வந்தபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு முறை 'சேவ்' அழுத்தும்போதும் அது மொத்தக் கணக்குகளையும் ஒரு கோப்பில் புதிதாக எழுதிவிட்டு, அப்புறம் மெயில் சேவையையே ரீலோட் செய்கிறது என்று. ஒரு ஐடிக்கு 40 விநாடி. எல்லாம் போட்டு முடிப்பதற்குள் வகுப்புகள் தொடங்கிவிட்டன.

அதற்குப் பிறகு எந்தப் பேனலைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது, அது மெயில் போகும் வழியில் நிற்கிறதா, வழிக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்பதைத்தான். பக்கத்தில் நிற்பது என்றால் இப்படி: கணக்குகள் ஒரு டேட்டாபேஸிலோ, எல்டாப் என்ற ஆட்கள் பட்டியல் சேவையிலோ இருக்கும், போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் நேராக அங்கே போய்க் கேட்டுக்கொள்ளும், பேனல் அதே டேபிளில் எழுதுவதோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும். பேனல் விழுந்தாலும் மெயிலுக்கு ஒன்றும் ஆகாது. வழியில் நிற்கும் பேனலோ, தானே கான்ஃபிக் (சேவைகளின் அமைப்புக் கோப்பு) எழுதும், தானே சேவைகளை எழுப்பும், தன் அப்டேட்டோடு போஸ்ட்ஃபிக்ஸின் அப்டேட்டையும் கட்டி வைத்திருக்கும். சின்ன சர்வருக்கு அது பெரிய வசதிதான், மறுக்கவில்லை. 18,000 பேர் என்று வரும்போது கணக்கு மாறிவிடுகிறது.

இப்போது நாங்கள் வைத்திருப்பது போஸ்ட்ஃபிக்ஸ்அட்மின். பிஎச்பியில் எழுதியது, வயதான மென்பொருள், முகப்பைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வராது. ஆனால் அதன் டேபிள்களைத் திறந்து பாருங்கள்: டொமைனுக்கு ஒன்று, மெயில்பாக்ஸுக்கு ஒன்று, அலியாஸுக்கு (ஒரு முகவரிக்கு வருவதை இன்னொன்றுக்குத் திருப்புவது) ஒன்று, அட்மின்களுக்கு ஒன்று, எந்த அட்மினுக்கு எந்த டொமைன் என்பதற்கு ஒன்று, லாகுக்கு ஒன்று, இன்னும் சில. எஸ்கியூஎல் தெரிந்த யாரும் அரை மணி நேரத்தில் புரிந்துகொள்ளலாம். மைஎஸ்கியூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் எதிலும் ஓடும். 4,000 மாணவர் ஐடியைக் கமாண்ட் லைன் வழியாக ஒரு சிஎஸ்வி கோப்பிலிருந்து போட்டோம், மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் பக்கத்தில் டேட்டாபேஸ் கேள்விகளை, இணைப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் ப்ராக்ஸிமேப் வழியாக விட்டிருக்கிறோம், இல்லையென்றால் ஒவ்வொரு ப்ராசஸும் தனி இணைப்பு திறந்து மரியாடிபியைத் திணறடித்துவிடும். ஒவ்வொரு மெயில் சர்வரிலும் டேட்டாபேஸின் ஒரு நகலும் இருக்கிறது, மெயின் டேட்டாபேஸ் விழுந்தால் புது ஐடி போட முடியாதே தவிர மெயில் நிற்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, டொமைன் வாரியாக அட்மின் பிரித்துக் கொடுக்கும் வசதி. பிசிக்ஸ் துறை அலுவலகத்தில் ஒரு அக்கா இருக்கிறார், அவர்கள் துறைக்கென்று ஒரு துணை டொமைன். அவர் உள்ளே வந்தால் அந்த ஒரு டொமைன் மட்டும்தான் தெரியும், அதிலும் நாங்கள் வைத்த எண்ணிக்கைக்கும் கோட்டாவுக்கும் (இட அளவு) மேல் போக முடியாது. "சார், புதுசா ரெண்டு பேர் பிஎச்டி சேர்ந்திருக்காங்க" என்று போன் வந்த காலம் போய், அவரே போட்டுவிடுகிறார். யார், எந்த ஐபியிலிருந்து, எப்போது, என்ன செய்தார்கள் என்பது லாகில் விழுந்துவிடும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆகவே இந்த லாக் டேபிள் எங்களுக்கு அலங்காரம் இல்லை, தினமும் தேவைப்படுவது.

போஸ்ட்ஃபிக்ஸ்அட்மினில் கை சுட்டுக்கொள்ளும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மெயில்பாக்ஸை நீக்கினால் டேபிளில் இருக்கும் வரிதான் போகும், டிஸ்கில் இருக்கும் மெயில் கோப்புறை அப்படியே கிடக்கும். அதையும் அழிக்க ஒரு ஸ்கிரிப்டை நீங்கள்தான் கான்ஃபிக்கில் இணைக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு வருடம் கழித்து, படித்து முடித்துப் போன ஒருவரின் அதே முகவரியைப் புது மாணவருக்குக் கொடுப்பீர்கள், அவர் உள்ளே நுழைந்ததும் முந்தையவரின் மெயில் எல்லாம் அவர் கண்முன் இருக்கும். எங்களுக்கு இது நடக்கும் முன் கண்ணில் பட்டது. இப்போது நீக்கும் கோப்புறையை உடனே அழிக்காமல் 90 நாள் தனி இடத்துக்கு நகர்த்தி வைக்கிறோம். இன்னொன்று, ஒவ்வொரு மெயில்பாக்ஸுக்கும் அலியாஸ் டேபிளில் தன்னையே காட்டும் ஒரு வரி இருக்கும். வேண்டாத வரி என்று நினைத்து அதை எஸ்கியூஎல்லில் துடைத்துவிடாதீர்கள், கேட்ச்-ஆல் (இல்லாத முகவரிகளுக்கு வருவதையும் ஒரே பெட்டி வாங்கிக்கொள்வது) வைத்த டொமைனில் எல்லோருடைய மெயிலும் ஒரே பெட்டிக்குப் போய்விடும். பாஸ்வேர்ட் விஷயமும் இருக்கிறது: பழைய நிறுவல்களில் பாஸ்வேர்டை மறைத்து வைப்பது எளிதில் உடையும் எம்டி5 வகையில்தான் இருக்கும், அதை வலுவான ப்ளோஃபிஷ் வகைக்கு மாற்றாமல் 18,000 பாஸ்வேர்டுகளை வைத்திருப்பது சரியில்லை. பட்டியல் ஒரு பக்கத்துக்குப் பத்து வரிதான் காட்டும், கான்ஃபிக்கில் அதைக் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் எங்கள் ஆட்கள் யாரும் பட்டியலைப் புரட்டுவதில்லை, தேடித்தான் போகிறார்கள்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். அம்சப் பட்டியலை வைத்து ஒப்பிட்டால் எல்லாப் பேனலும் ஒன்றுபோலத்தான் தெரியும். நான் ஒப்பிடுவது ஒரு ராத்திரியை வைத்து. ஞாயிறு ராத்திரி 10 மணி, ஒரு பேராசிரியரின் பாஸ்வேர்ட் திருடு போயிருக்கிறது, அவர் ஐடியிலிருந்து நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் குப்பை மெயில் போகிறது. க்யூவில், அதாவது அனுப்பக் காத்திருக்கும் வரிசையில், 22,000 நிற்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டால் ஜிமெயில் நம் ஐபியையே ஒதுக்கிவிடும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் மொத்தமாக அனுப்புபவர்களிடம் அனுப்புநர் உண்மையானவர்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் கேட்கின்றன, குப்பைப் புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்கின்றன, அங்கே பெயர் கெட்டால் மீள நாளாகும். இந்த நேரத்தில் பேனலில் எத்தனை இடத்தைத் தொட வேண்டும்?

போஸ்ட்ஃபிக்ஸ்அட்மினில் அந்த ஐடியை ஒரு கிளிக்கில் முடக்கலாம். ஆனால் அதோடு முடியாது. டவ்காட்டில் ஆத் கேஷ் (உள்நுழைவு விவரத்தைக் கொஞ்ச நேரம் நினைவில் வைப்பது) போட்டிருந்தால் பழைய பாஸ்வேர்ட் இன்னும் கொஞ்ச நேரம் செல்லும், இயல்பாக விட்டால் ஒரு மணி நேரம் வரை. அதைக் கழுவ வேண்டும். ஏற்கெனவே ஐமேப்பில், அதாவது மெயில் படிக்கும் இணைப்பில், உள்ளே இருப்பவன் உள்ளேதான் இருப்பான், அவனை டவ்காட்டின் டவ்அட்ம் கிக் கட்டளை கொடுத்து வெளியே தள்ள வேண்டும். க்யூவில் நிற்கும் 22,000-ஐ அனுப்புநர் பெயரைப் பிடித்துத் தனியாகத் துடைக்க வேண்டும். கடைசியாக, பலரும் மறப்பது: திருடன் போகும்போது ஒரு சீவ் விதி (வரும் மெயிலை என்ன செய்வது என்று சர்வருக்குச் சொல்லும் விதி) எழுதி வைத்திருப்பான், வரும் மெயில் எல்லாம் வேறெங்கோ ஒரு முகவரிக்குப் போகும்படி. பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நான் பார்த்த எந்தப் பேனலும் இதை முகப்பில் காட்டுவதில்லை. ஆகவே இந்த ஐந்தையும் ஒரே ஸ்கிரிப்டாக எழுதி வைத்திருக்கிறோம், ஐடியைக் கொடுத்தால் ஐந்து வேலையும் முடிந்து, என்னென்ன செய்தது என்று ஒரு குறிப்பும் மெயிலில் வரும்.

இதே ராத்திரியில் இன்னொரு பேனலான மெயில்கௌ எப்படி? உண்மையைச் சொன்னால் பேனல் அளவில் மெயில்கௌதான் மேல். மெயில்பாக்ஸை முழுதாக முடக்கலாம், அல்லது உள்நுழைவை மட்டும் தடுத்துவிட்டு வரும் மெயிலைத் தொடர்ந்து வாங்கலாம். பேராசிரியருக்கு வரும் கடிதங்கள் திரும்பிப் போகாமல் இருக்க இந்த இரண்டாவது நிலை அருமையான வசதி. க்யூ அதே திரையில் தெரியும். ஒவ்வொரு டொமைனுக்கும் மெயில்பாக்ஸுக்கும் இவ்வளவு நேரத்தில் இவ்வளவு மெயில்தான் என்று வரம்பு வைக்கலாம், அதை முன்பே வைத்திருந்தால் 22,000 சேர்ந்திருக்கவே சேராது. குவாரன்டீன் (சந்தேக மெயிலைத் தனியே நிறுத்தி வைப்பது), டிகேஐஎம் சாவி, டிஎன்எஸ் சரியாக இருக்கிறதா என்ற சோதனை, செயலிக்குத் தனி பாஸ்வேர்ட், இரண்டடுக்கு உள்நுழைவு, மற்ற நிரல்கள் பேசுவதற்கான ஏபிஐ எல்லாம் ஒரே இடத்தில். 2025-இல் எல்டாப், கீக்ளோக் போன்ற உள்நுழைவுச் சேவைகளிலிருந்து ஆட்களை உள்ளே விடும் வசதியும் வந்துவிட்டது.

அப்புறம் ஏன் எடுக்கவில்லை? மெயில்கௌ ஒரு முழு வீடு. டாக்கர் கன்டெய்னர்களில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் முறை) போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், குப்பை வடிகட்டும் ஆர்ஸ்பேம்டி, வெப்மெயிலான சோகோ, மரியாடிபி, ரெடிஸ், வைரஸ் தேடும் கிளாம்ஏவி எல்லாம் சேர்ந்து ஒரே மெஷினில் உட்கார்ந்துகொள்ளும். குறைந்தபட்சம் 6 ஜிபி ராம் என்று அவர்களே சொல்கிறார்கள், அதில் வைரஸ் ஸ்கேனர் மட்டும் ஒரு ஜிபிக்கு மேல் தின்றுவிடும். ராம் ஒரு பிரச்சினையே இல்லை, வாங்கிப் போடலாம். பிரச்சினை 'ஒரே மெஷின்' என்பதில். எங்களுக்கு உள்ளே வரும் மெயிலுக்கு இரண்டு சர்வர், வெளியே போவதற்கு இரண்டு, மெயில் வைக்க மூன்று. இந்த அமைப்பை மெயில்கௌவுக்குள் திணிக்க முயன்றால் ஒவ்வொரு அப்டேட்டிலும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: மெயில்கௌ டிஸ்கில் மெயிலைக் குறியாக்கம் செய்துதான் வைக்கும், அதற்கான சாவி தனி வால்யூமில் இருக்கும். மெயில் கோப்புறையை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டு அந்தச் சாவி வால்யூமை விட்டுவிட்டால், கையில் இருப்பது திறக்கவே முடியாத பெட்டிகள்தான். மெயில்கௌ போடுகிறவர்கள் முதல் நாளே அந்தச் சாவியை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். இரண்டாயிரம், மூவாயிரம் ஐடி, ஒரே ஆள் பார்க்கும் இடம் என்றால் நான் யோசிக்காமல் மெயில்கௌவையே சொல்வேன், சொல்லியும் இருக்கிறேன்.

எங்களுக்கு மிக நெருக்கமாக வந்தது ஐரெட்மெயில் என்ற தொகுப்பு. ஓபன்எல்டாப், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் மூன்றில் ஒன்றை அடியில் வைத்துக்கொள்ளலாம், டாக்கர் கட்டாயம் இல்லை, எல்லாம் லினக்ஸின் சாதாரணப் பேக்கேஜ்கள், கான்ஃபிக் எல்லாம் நம் கண்முன் இருக்கும். அதாவது பக்கத்தில் நிற்கும் வகைதான். ஆனால் இலவசமாக வரும் அதன் பேனலான ஐரெட்அட்மினில் அலியாஸ் நிர்வாகமே கிடையாது, டொமைன், ஐடி, அட்மின் இவ்வளவுதான். அலியாஸ், குவாரன்டீன், அனுப்பும் வரம்பு, ஏபிஐ என்றால் ப்ரோ வாங்க வேண்டும், அது ஆண்டுச் சந்தா. எனக்குக் காசு கொடுப்பதில் தயக்கமில்லை, பெரிய சர்வரில் உதவிக்கு ஒரு ஆள் இருப்பது நல்லதுதான். கல்லூரியில் ஒவ்வொரு மார்ச்சிலும் சந்தாவுக்குக் கோப்பு நகர்த்தி, மூன்று கையெழுத்து வாங்கி, அது ஜூனில் வந்து சேரும் என்ற நிலைமையில் பேனலை அதன்மேல் நிறுத்த மனம் வரவில்லை. தனியார் நிறுவனத்தில் இருந்திருந்தால், அதுவும் ஏற்கெனவே எல்டாப் இருந்திருந்தால், இதைத்தான் எடுத்திருப்பேன்.

மொடோபோவா என்ற பேனல் பைத்தானில், அதன் ஜாங்கோ கட்டமைப்பில் எழுதியது. படிக்க எளிதான கோடு, டிமார்க் அறிக்கைகளைப் படமாகக் காட்டும் வசதி எனக்குப் பிடித்தது. எங்கள் மூவரில் இருவருக்குப் பைத்தான் கைவந்த மொழி என்பதால் ஒரு மாதம் சோதித்தோம். நடுத்தர அளவுக்கு நன்றாக வரும்.

ஜிம்ப்ரா என்ற முழு மெயில் தொகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'பெரிய' என்றதும் பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். நியாயமும் இருக்கிறது: எல்டாப், எம்டிஏ (மெயிலை வாங்கி அனுப்பும் பகுதி), மெயில்ஸ்டோர், ப்ராக்ஸி என்று தனித்தனி சர்வர்களில் பிரித்து வைக்கவே வடிவமைத்தது. 7071 போர்ட்டில் அட்மின் கன்சோல். 'கிளாஸ் ஆஃப் சர்வீஸ்' என்று ஒன்று உண்டு, மாணவர், ஆசிரியர், அலுவலகம் என்று வகை பிரித்து கோட்டா, பாஸ்வேர்ட் விதி, வசதிகள் எல்லாவற்றையும் வகைக்கு ஒருமுறை வைத்துவிடலாம். போஸ்ட்ஃபிக்ஸ்அட்மினில் இதற்கு இணையாக ஒன்றும் இல்லை, நாங்கள் டொமைன் பிரித்துச் சமாளிக்கிறோம். ஆனால் 9-ஆம் பதிப்போடு திறமூலப் பதிப்பின் தயார் பேக்கேஜ்களை நிறுத்திவிட்டார்கள், வேண்டுமென்றால் சோர்ஸிலிருந்து நீங்களே பில்ட் செய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் லைசன்ஸ். 2022-இல் நடந்ததையும் மறக்கக் கூடாது. உள்நுழையாமலே கோப்பு ஏற்ற வழிவிட்ட ஓட்டையால் உலகம் முழுக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜிம்ப்ரா சர்வர்களுக்குள் புகுந்தார்கள். ஜிம்ப்ரா வைத்திருக்கிறவர்கள் பேட்ச் வந்த அன்றே போட ஆள் வைத்திருக்க வேண்டும். அப்படி ஆள் இருந்தால் அது பலமான தேர்வு.

வெப்மினை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. 1997-இலிருந்து இருக்கிறது, லினக்ஸ் படித்த காலத்தில் நான் கற்றுக்கொண்டதே அதில்தான். ஆனால் அது முழு சர்வரையும் ரூட் உரிமையோடு திறக்கும் கதவு, மெயில் ஐடி போடுகிற ஒருவருக்கு அவ்வளவு பெரிய சாவி எதற்கு? 2019 ஆகஸ்டில் அதில் ஒரு பின்வாசல் கண்டுபிடிக்கப்பட்டது. கிட்ஹப்பில் இருந்த கோடு சுத்தம், பில்ட் செய்யும் மெஷினில் யாரோ நுழைந்து கோப்பை மாற்றியிருக்கிறார்கள், ஒரு வருடத்துக்கு மேல் அது பேக்கேஜ்களோடு போய்க்கொண்டே இருந்திருக்கிறது. சோர்ஸைப் படித்துப் பார்த்த யாருக்கும் அது தெரிந்திருக்காது. எந்தப் பேனலையும் பொது இணையத்தில் வைக்காமல் விபிஎன்னுக்குள் வைப்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும். ஆர்ஸ்பேம்டியின் வெப் முகப்பையும், அதன் 11334 போர்ட்டையும் நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

சிபேனல் போன்றவை ஹோஸ்டிங் கடைக்கானவை, 2019-இலிருந்து கணக்கு எண்ணிக்கைப்படி கட்டணம், அடியில் போஸ்ட்ஃபிக்ஸுக்குப் பதில் எக்ஸிம். ஒரே நிறுவனத்தின் பெரிய மெயிலுக்கு அவை பொருந்தாது. ஸ்டால்வார்ட் என்று ரஸ்ட்டில் எழுதிய புது சர்வர் இருக்கிறது, மெயில் படிக்க ஐமேப், ஜெமேப், அனுப்ப எஸ்எம்டிபி, வெப் நிர்வாகம் எல்லாம் சேர்ந்து ஒரே நிரல், பல மெஷினில் கிளஸ்டராகவும் ஓடும். என் மனம் அதன்மேல் இருக்கிறது. நான் சோதித்தபோது 1.0 வந்திருக்கவில்லை, ஆகவே சோதனை மெஷினோடு நிறுத்தினேன்.

எதை எடுத்தாலும் டவ்காட் 2.4-ஐ மனதில் வையுங்கள். 2025 ஜனவரியில் வந்தது, கான்ஃபிக் வடிவமே மாறிவிட்டது, பழையது அப்படியே ஏறாது. பெரிய இடங்கள் நம்பியிருந்த டைரக்டரும் (பயனர்களைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) ரெப்ளிகேஷனும் (மெயிலை இரண்டு சர்வரில் நகலாக வைப்பது) சமூகப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. எல்லாம் சேர்ந்து வரும் பேனல் வைத்திருந்தால் அவர்கள் மாற்றித் தரும் வரை காத்திருக்க வேண்டும், அல்லது அவர்கள் மாற்றும்போது தயாரோ இல்லையோ நாமும் மாற வேண்டும். எங்கள் விஷயத்தில் பேனல் எழுதும் டேபிளில் ஒரு எழுத்தும் மாறவில்லை, டவ்காட் பக்கத்தில் டேட்டாபேஸைக் கேட்கும் கோப்பை மட்டும் திருத்தி எழுதினோம்.

முடிவெடுக்கும் முன் மூன்று சோதனை செய்தோம், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். விர்ச்சுவல் மெஷினில் பேனலைப் போட்டு 20,000 பொய் ஐடி ஏற்றித் தேடிப் பாருங்கள், பத்து ஐடி போட்ட டெமோவை நம்பாதீர்கள். திருட்டு ராத்திரியை நடித்துப் பாருங்கள், கையில் கடிகாரத்தோடு. மூன்றாவது, பேனலை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்து பாருங்கள்.

நாங்கள் போஸ்ட்ஃபிக்ஸ்அட்மினுக்கு மாறி முடித்த மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு அதன் அப்பாச்சியை வேண்டுமென்றே நிறுத்தினோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் லாகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், 60,000-க்கு மேல் மெயில் வந்தும் போயும் இருந்தது, ஒரு புகாரும் இல்லை. திங்கள் காலை பத்தரைக்குப் போன் அடித்தது, பிசிக்ஸ் துறை அக்கா: "சார், ஐடி போடுற பேஜ் மட்டும் வரல, மெயில் எல்லாம் வருது."

"ஒரு நிமிஷம் இருங்கக்கா" என்று அப்பாச்சியைத் திரும்ப ஓடவிட்டேன்.